நான்காவது ஸ்கோர்: அமெரிக்கக் கல்லூரி ரைபிள் அணிகள் ஆள் எடுக்கும் விதம்

2016 ரியோ ஒலிம்பிக்கின் முதல் தங்கப் பதக்கத்தை வாங்கியவர் ஜின்னி த்ராஷர், பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில். வயது 19. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் முதலாண்டை முடித்திருந்தார். அதே ஆண்டு மார்ச்சில் நடந்த கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் ஏர் ரைபிள், ஸ்மால்போர் இரண்டு தனிநபர் பட்டங்களும் அவருக்கே. டோக்கியோவில் ஆண்கள் ஏர் ரைபிள் தங்கம் வென்ற வில் ஷேனர் கென்டக்கி பல்கலைக்கழக அணியில் இருந்தவர். பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெள்ளி வாங்கிய சேகன் மாடலீனா, அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸில் படித்தவர். லண்டனிலும் ரியோவிலுமாக மூன்று தங்கம் வென்ற இத்தாலியின் நிக்கோலோ காம்ப்ரியானிகூட வெஸ்ட் வர்ஜீனியாவில் படித்துச் சுடக் கற்றுத் தேர்ந்தவர்தான்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டின் உயரத்துக்குப் போகிற பெரிய பாதை கல்லூரி அணி வழியாகப் போகிறது. ஆனால் பாஸ்கெட்பால், ஃபுட்பால் போல இதற்குத் தொலைக்காட்சி கிடையாது, பள்ளிக்கே வந்து ஆள் தேடும் ஏஜெண்டுகள் கிடையாது. வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதில் நன்றாகச் சுடும் பிள்ளை இருக்கிறது, கல்லூரி அணியில் சேர என்ன செய்வது என்று தெரியாமல் பெற்றோர் திணறுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. முன்னனுபவம் எதுவும் தேவையில்லை, அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

முதலில் கணக்கு

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. ரைபிளுக்கு 1980 முதல் தேசியச் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. நாடு முழுக்கத் தேடினாலும் இந்த மட்டத்தில் ரைபிள் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் முப்பதை ஒட்டித்தான் இருக்கும். சின்ன உலகம். கோச்சுகள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

ஒரு போட்டியில் இரண்டு பிரிவுகள். ஒன்று ஸ்மால்போர்: .22 தோட்டா, கல்லூரிகளில் பெரும்பாலும் உள்ளரங்கில் 50 அடி தூரம். மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20. இன்னொன்று ஏர் ரைபிள்: 4.5 மில்லிமீட்டர் பெல்லட், 10 மீட்டர் தூரம், அறுபதையும் நின்றே சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் அதிகபட்சம் 10 புள்ளி. ஆக ஒவ்வொரு பிரிவிலும் 600, ஒருவருக்கு மொத்தம் 1200.

அணிக்கு ஐந்து பேரைப் பெயர் சொல்லி இறக்குவார்கள். ஒவ்வொரு பிரிவிலும் அந்த ஐந்தில் சிறந்த நான்கு ஸ்கோர் மட்டுமே கணக்கில் சேரும். நான்கு பேர், இரண்டு பிரிவு, மொத்தம் 4800. சமீப ஆண்டுகளில் தேசியப் பட்டம் வெல்ல 4700ஐத் தாண்ட வேண்டியிருக்கிறது. 4700ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள்: 587.5. அதாவது கணக்கில் சேரும் நான்கு பேரும், ஸ்மால்போரிலும் ஏர் ரைபிளிலும், சராசரியாக 587, 588 சுட்டாக வேண்டும்.

ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று, ஒரே இலக்கைச் சுட்டு, ஒரே அணிக்குப் புள்ளி சேர்க்கிறார்கள் என்பது இந்த விளையாட்டின் அழகு. 2010இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம், முழுக்க முழுக்கப் பெண்கள் மட்டுமே கொண்ட அணியோடு வந்து கலப்பு அணிகளைத் தோற்கடித்துத் தேசியப் பட்டம் வென்றது. அந்த அணி இன்றும் பெண்கள் அணிதான். நெப்ராஸ்கா, மிசிசிப்பி பல்கலைக்கழகங்களிலும் அப்படியே. உங்கள் வீட்டில் சுடுவது பையன் என்றால் இந்தக் கதவுகள் திறக்காது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பெண் என்றால் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது.

இப்போது கோச்சின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். அவருக்கு முன்னால் ஒரு பையனின் ஸ்கோர் தாள் இருக்கிறது. அவர் கேட்கும் கேள்வி "இவன் எவ்வளவு திறமைசாலி?" என்பதல்ல. "என் அணியின் நான்காவது ஸ்கோரைவிட இவன் கூடுதலாகச் சுடுவானா?" என்பதுதான். அணியின் முதல் ஆளை யாரும் சுலபமாக மிஞ்ச முடியாது. மிஞ்ச வேண்டிய அவசியமும் இல்லை. நான்காவது ஆளை மிஞ்சினால் அணியின் மொத்தம் கூடும். மற்றதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பவைதான்.

இந்தக் கணக்கை நீங்களே வீட்டில் உட்கார்ந்து போடலாம். கல்லூரி அணிகளின் போட்டி முடிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. அணியில் யார் எந்த ஆண்டு படிக்கிறார் என்பதும் கிடைக்கிறது. ஒரு அணியின் கடந்த சீசன் முடிவுகளை எடுத்து, ஒவ்வொரு போட்டியிலும் நான்காவதாகச் சேர்ந்த ஸ்கோர் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இறுதியாண்டு மாணவர்களின் பெயரை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவர்களில் நான்காவது யார், அவர் சராசரி என்ன என்று பாருங்கள். ஏர் ரைபிளில் அது 579 என்றால், 582 சுடும் உங்கள் மகளுக்கு அங்கே இடமிருக்கிறது. 592 என்றால் இப்போதைக்கு இல்லை. வெஸ்ட் வர்ஜீனியா, கென்டக்கி, அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ், டெக்சாஸ் கிறிஸ்டியன் ஆகிய நான்கு அணிகளும் தேசியப் பட்டங்களைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருப்பவை. பெயர் தெரிந்த அணிகள் இவைதான் என்பதால் எல்லோரும் இவற்றுக்கே எழுதுகிறார்கள். முர்ரே ஸ்டேட், மோர்ஹெட் ஸ்டேட், ஏக்ரன், மெம்ஃபிஸ், ஜார்ஜியா சதர்ன் (இதுவும் பெண்கள் அணி), நெவாடா என்று வேறு அணிகளும் இருக்கின்றன. உங்கள் பிள்ளை வாரா வாரம் ஐவரில் ஒருவராக இறங்கிச் சுடக்கூடிய இடம் அங்கே இருக்கலாம். பெரிய அணியில் ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

எந்த எண்ணைச் சொல்வது?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ரைபிளில் "என் ஸ்கோர் 590" என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. எதில் 590?

பள்ளி வயதுப் பிள்ளைகள் பலர் ஜே.ஆர்.ஓ.டி.சி. (பள்ளிகளில் நடக்கும் ராணுவப் பயிற்சித் திட்டம்), 4-எச் (சிறுவர், இளைஞர் அமைப்பு) அல்லது உள்ளூர் ஜூனியர் கிளப் வழியாக வருகிறார்கள். அங்கே பரவலாக நடப்பது மூன்று நிலை ஏர் ரைபிள். படுத்து 20, நின்று 20, மண்டியிட்டு 20. இதிலும் மொத்தம் 600தான். ஆனால் படுத்துச் சுடும்போது முழங்கை இரண்டும் தரையில், துப்பாக்கியைக் கையோடு பிணைக்கும் ஸ்லிங் என்ற பட்டை கையை இறுக்கிப் பிடித்திருக்கும். நல்ல ஜூனியருக்கு அந்த இருபதில் 198, 199 வருவது சாதாரணம். அறுபதையும் நின்றே சுடும் கல்லூரி ஏர் ரைபிளோடு இதை ஒப்பிட முடியாது. மூன்று நிலையில் 590 சுடும் பிள்ளை, நின்று அறுபது சுட்டால் 575க்கு இறங்கலாம். கோச்சுக்கு இது தெரியும். மெயிலில் வெறும் 590 என்று எழுதினால், ஒன்று தெரியாமல் எழுதியிருக்கிறார்கள், இல்லை மறைக்கிறார்கள் என்று நினைப்பார். இரண்டுமே நல்லதல்ல.

அடுத்தது தசமம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே 10 மீட்டர் ஏர் ரைபிள்தான். அவருடைய சர்வதேச ஸ்கோர்களில் 630 போன்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். 600தானே உச்சம் என்று குழம்ப வேண்டாம். சர்வதேச ஏர் ரைபிளில் ஒரு குண்டுக்கு 10.9 வரை உண்டு, ஆக உச்சம் 654. கல்லூரிப் போட்டியில் முழு எண்தான் கணக்கு, 10.0வும் பத்து, 10.9வும் பத்து. அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கி சுடும் அமைப்பான யு.எஸ்.ஏ. ஷூட்டிங் நடத்தும் ஜூனியர் போட்டிகளில் ஏர் ரைபிள் தசமத்தில் வரும். அந்த முடிவைச் சொல்லும்போது தசம ஸ்கோர் என்று குறிப்பிடுங்கள். குண்டுவாரி விவரம் கையில் இருந்தால் முழு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, துப்பாக்கியின் வகுப்பு. ஜூனியர் போட்டிகளில் ஸ்போர்ட்டர், ப்ரெசிஷன் என்று இரண்டு உண்டு. ஸ்போர்ட்டரில் எளிய துப்பாக்கி, விறைப்பான கேன்வாஸ் ஜாக்கெட்டும் பேண்டும் கிடையாது. அதில் 550 என்பது ப்ரெசிஷனில் 550 ஆகாது. ஸ்போர்ட்டர் 550 அதைவிடப் பெரிய விஷயம். எந்த வகுப்பு என்று சொல்லாவிட்டால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

சரி, எது எண் என்று தெளிவாகிவிட்டது. இப்போது சராசரியா, உச்சமா? இரண்டு பிள்ளைகளின் கடைசி ஆறு ஏர் ரைபிள் போட்டிகளை உதாரணத்துக்கு வைத்துப் பார்ப்போம். முதல் பிள்ளை: 583, 579, 586, 581, 584, 580. இரண்டாவது பிள்ளை: 592, 571, 588, 566, 590, 573. முதல் பிள்ளையின் சராசரி 582, இரண்டாவதின் சராசரி 580. பெரிய வித்தியாசம் இல்லை. உச்சத்தைப் பார்த்தால் இரண்டாவது பிள்ளைதான் முன்னால். ஆனாலும் பெரும்பாலான கோச்சுகள் முதல் பிள்ளையைத்தான் எடுப்பார்கள். ஒரு நாள் சதம் அடித்து மறுநாள் டக் அவுட் ஆகும் பேட்ஸ்மேனைவிட தினமும் நாற்பது அடிப்பவரை ஒரு கேப்டன் நம்புவார் அல்லவா, அந்த நம்பிக்கைதான் இது. ஐந்தில் நான்குதான் கணக்கு என்பதால் ஒருவர் சரிந்தால் அணி தாங்கும். ஒரே நாளில் இருவர் சரிந்தால் தாங்காது. அதனால்தான் கோச் நிலையான ஆளைத் தேடுகிறார்.

சராசரியோடு இன்னொன்றையும் அவர் பார்ப்பார்: ஏறுமுகம். பதினான்கு வயதில் ஆரம்பித்து, கிளப்பின் பழைய துப்பாக்கியிலேயே இரண்டு வருடத்தில் 545லிருந்து 575க்கு வந்த பிள்ளை ஒரு பக்கம். ஒன்பது வயதிலிருந்து தனிப் பயிற்சியாளரும் விலை உயர்ந்த வால்தர் அல்லது ஃபைன்வெர்க்பாவ் துப்பாக்கியும் கையில் வைத்துக்கொண்டு மூன்று வருடமாக 582இலேயே நிற்கும் பிள்ளை மறுபக்கம். கல்லூரியில் நான்கு வருடம் இருக்கிறது. முதல் பிள்ளையின் கதையைக் கேட்க எந்த நல்ல கோச்சும் காதைத் தீட்டிக்கொள்வார். ஆகவே எப்போது ஆரம்பித்தது, எந்தத் துப்பாக்கி, வாரத்துக்கு எத்தனை நாள் ரேஞ்ச் (சுடும் தளம்) கிடைக்கிறது என்பதைப் பிள்ளை கூச்சப்படாமல் எழுதலாம்.

ஸ்மால்போர் கவலை நிறைய வீடுகளில் உண்டு. ஏர் ரைபிளுக்குப் பத்து மீட்டர் அறை போதும்; .22க்கு முறையான ரேஞ்ச் வேண்டும், தோட்டாச் செலவு வேறு. அதனால் பல பிள்ளைகள் ஸ்மால்போரைத் தொட்டதே இல்லை. அது கதவை மூடிவிடாது. மூன்று நிலை ஏர் ரைபிளில் படுத்தும் மண்டியிட்டும் ஸ்லிங்கோடு சுட்ட அனுபவம் இருந்தால், அந்த உடல் நிலைகள் ஸ்மால்போருக்கு அப்படியே கைகொடுக்கும். ஆனால் மொத்தப் புள்ளியில் பாதி ஸ்மால்போர். பதினொன்றாம் வகுப்புக்குள் எப்படியாவது ஒரு ரேஞ்ச் பிடித்து, சில போட்டிகளாவது சுட்டு, எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதை உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது.

பின்னால் நிற்பவர் எதைப் பார்க்கிறார்

இந்த விளையாட்டில் வீடியோ தொகுப்பு அனுப்பும் வழக்கம் அவ்வளவாக இல்லை, ஸ்கோர்தான் பேசும். ஆனால் கோச் நேரில் பார்க்கும் தருணம் வரும். ஓஹையோவின் கேம்ப் பெரி, அலபாமாவின் ஆனிஸ்டன் இரண்டிலும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற துப்பாக்கி சுடும் பயிற்சி அமைப்பு பெரிய மின்னணு ரேஞ்சுகள் வைத்திருக்கிறது. அங்கே நடக்கும் ஜூனியர் போட்டிகளுக்கும், யு.எஸ்.ஏ. ஷூட்டிங்கின் ஜூனியர் ஒலிம்பிக் போட்டிகளுக்கும் கல்லூரி கோச்சுகள் வருவார்கள். சில கல்லூரிகள் கோடையில் தங்கள் ரேஞ்சிலேயே பயிற்சி முகாமும் நடத்துகின்றன.

அங்கே அவர்கள் பார்ப்பது என்ன? ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அறுபது குண்டு, 75 நிமிடம். பிள்ளை நின்று சுடுகிறது. ஐந்து கிலோவை ஒட்டிய துப்பாக்கி. வலக்கைக்காரர் என்றால் இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் ஊன்றியிருக்கும், முதுகு லேசாகப் பின்னால் வளைந்திருக்கும். பத்து மீட்டருக்கு அப்பால் பத்துப் புள்ளி வளையத்தின் அகலம் அரை மில்லிமீட்டர். நாற்பத்து மூன்றாவது குண்டு எட்டில் போய் விழுகிறது. திரையில் அது எல்லோருக்கும் தெரிகிறது. பின்னால் நிற்கும் கோச் இப்போது இலக்குத் திரையைப் பார்ப்பதில்லை, பிள்ளையைப் பார்க்கிறார். உடனே அடுத்த பெல்லட்டைத் திணித்து அவசரமாக ஈடுகட்டப் பார்க்கிறதா? திரும்பி அப்பாவைத் தேடுகிறதா? அல்லது துப்பாக்கியை ஸ்டாண்டில் இறக்கி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பாதத்தை மறுபடி சரியாக வைத்து, நேரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பொறுமையாக மேலே எடுக்கிறதா? தூக்கிப் பிடித்த துப்பாக்கி நிலையாக நிற்கவில்லை என்று தெரிந்ததும் சுடாமல் கீழே இறக்கும் மனசு இருக்கிறதா? எட்டுக்குப் பிறகு வரும் நான்கு குண்டுகள், அதற்கு முந்தைய நாற்பத்திரண்டைவிட அதிகம் சொல்லும்.

பாதுகாப்பு விதிகள் அதற்கும் மேலே. தோட்டா இல்லை என்று காட்டும் கொடியைச் சேம்பரில் செருகாமல் துப்பாக்கியை எடுத்து வருவது, குழாய் முனையை அலட்சியமாகத் திருப்புவது, கட்டளைக்கு முன் கை வைப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த ஸ்கோரும் காப்பாற்றாது. சுட்டு முடித்த பிறகு பக்கத்து ஆளிடம் எப்படிப் பேசுகிறது, தன் சாமான்களைத் தானே மூட்டை கட்டுகிறதா என்பதும் கண்ணில் படும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் பிள்ளைக்காக நாமே பேசிவிடும் பழக்கம் ஆழமாக இருக்கிறது, அது அன்பினால் வருவது. ஆனால் இங்கே அது பிள்ளைக்கு எதிராக வேலை செய்யும். மெயில் பிள்ளையின் ஐடியிலிருந்து, பிள்ளையின் சொற்களில் போக வேண்டும். போன் வந்தால் பிள்ளைதான் பேச வேண்டும். நான்கு வருடம் அந்தக் கோச்சோடு பஸ்ஸிலும் ரேஞ்சிலும் இருக்கப்போவது பிள்ளை. அதனோடு பேசிப் பழக அவர் விரும்புகிறார். பணம் பற்றிய பேச்சு வரும்போது நீங்கள் உட்காருங்கள், அது நியாயம்.

நாள்காட்டியும் மெயிலும்

என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரிக்கிறது. மேல்மட்டமான டிவிஷன் ஒன்றின் கோச்சுகள், பத்தாம் வகுப்பு முடிந்த கோடையின் ஜூன் 15 வரை சேர்க்கை பற்றி மாணவரிடம் பேசக் கூடாது என்பது விதி. பிள்ளை முன்பே எழுதலாம். பதில் வராது, வந்தாலும் முகாம் விவரமோ ஒரு படிவமோதான் வரும். அதைப் பார்த்து மனசு உடைய வேண்டாம். கோச் படித்திருப்பார். பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல் கோச் பிள்ளையைக் கல்லூரியைப் பார்க்க முறைப்படி அழைக்கலாம். ஆகவே ஒன்பது, பத்தாம் வகுப்புகள் சுடுவதற்கும் படிப்பதற்கும்; பத்தாம் வகுப்பின் கடைசியில் முதல் மெயில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் ஆரம்பித்தால் முடியாது என்றில்லை, ஆனால் இடங்களும் பணமும் பெரும்பாலும் பேசி முடிந்திருக்கும்.

மெயில் எப்படி இருக்க வேண்டும்? "உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் சேருவது என் சிறுவயதுக் கனவு" என்று தொடங்குவதை முப்பது கோச்சுகளும் முப்பது தடவை படித்திருப்பார்கள். இந்த மாதிரி எழுதச் சொல்லுங்கள்:

"நான் 2028இல் பள்ளி முடிக்கிறேன். ஏர் ரைபிள், நின்று 60, முழு எண்: கடைசி ஆறு போட்டிகள் 583, 579, 586, 581, 584, 580. ஸ்மால்போர் சென்ற ஆண்டுதான் ஆரம்பித்தேன்: மூன்று போட்டிகள், 548, 555, 561, மண்டியிடும் நிலைதான் பலவீனம், இப்போது அதில்தான் வேலை செய்கிறேன். ஜிபிஏ 3.7. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க விருப்பம். உங்கள் அணியில் இன்ஜினியரிங் படிப்பவர்கள் லேப் நேரத்தையும் பயிற்சியையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அறிய ஆவல். டிசம்பரில் ஆனிஸ்டனில் சுடுகிறேன். என் கிளப் பயிற்சியாளரின் தொடர்பு விவரம் கீழே."

அவ்வளவுதான். (ஜிபிஏ என்பது பள்ளி மதிப்பெண்களின் சராசரி, வழக்கமாக 4க்கு.) பலவீனத்தைத் தானே சொல்லும் மாணவரை கோச்சுகள் விரும்புவார்கள், ஏனென்றால் சொல்லிக்கொடுத்தால் கேட்டுக்கொள்ளும் ஆள் அது. அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புதிய முடிவுகளோடு நாலு வரி. கல்லூரி அணியின் இணையப் பக்கத்தில் மாணவர்களுக்கான படிவம் இருந்தால் அதையும் நிரப்பிவிட வேண்டும்.

படிப்பு இங்கே அலங்காரம் இல்லை

என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் மாணவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். டிவிஷன் ஒன்றில் ஆட, பள்ளியில் 16 மையப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அவற்றில் 10 பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில். மையப் பாடங்களின் ஜிபிஏ குறைந்தது 2.3. தகுதிக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் வேண்டும் என்ற விதியை 2023இல் எடுத்துவிட்டார்கள். கல்லூரி தன் சேர்க்கைக்குக் கேட்டால் அது தனி விஷயம். எந்தப் பாடம் மையப் பாடமாகச் சேரும் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி கவுன்சிலரிடம் கேட்டு வைத்துவிடுங்கள்.

2.3 என்பது வாசல்படி மட்டுமே. ரைபிள் அணிகளில் படிப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், காரணம் பணம். நெடுங்காலமாக ஒரு ரைபிள் அணிக்கு விதி அனுமதித்த உதவித்தொகை மொத்தம் 3.6 முழு ஸ்காலர்ஷிப். அதைக் கோச் துண்டு போட்டு எட்டு, பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுப்பார். 2025இல் வந்த நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் இந்த உச்சவரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதால் கல்லூரியிடம் பணம் வந்துவிடாது. நடைமுறையில் ரைபிளுக்கு முழுத் தொகை கிடைப்பவர் அபூர்வம். கால்வாசி விளையாட்டுப் பணம், மீதியில் பெரும்பகுதி நல்ல மார்க்குக்கான பணம் என்று சேர்த்துக் கட்டுவதுதான் வழக்கம். 582 சுடும் இரண்டு பேரில் மார்க் அதிகம் உள்ளவர் கோச்சுக்குச் செலவு குறைந்த ஆள். வாரத்தில் இன்னொரு மணி நேரம் ரேஞ்சா, கணக்குப் பாடமா என்று வீட்டில் சண்டை வந்தால் நான் கணக்குப் பாடத்தின் பக்கம்தான் நிற்பேன்.

டிவிஷன் மூன்று கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று பணமே கிடையாது. தேவைக்கும் மார்க்குக்கும் மட்டும். ராணுவ அகாடமிகள் வேறு மாதிரி. வெஸ்ட் பாயிண்ட் (தரைப்படை), அனாபலிஸ் (கடற்படை), விமானப்படை அகாடமி மூன்றிலும் வலுவான ரைபிள் அணிகள் உண்டு. படிப்பு முழுக்க இலவசம். பதிலுக்குப் படித்து முடித்ததும் குறைந்தது ஐந்து வருடம் அதிகாரியாகப் பணியாற்ற வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம், காங்கிரஸ் உறுப்பினர் போன்றோரின் பரிந்துரையும் வேண்டும். அந்த விண்ணப்ப வேலை பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். இலவசம் என்ற ஒரு காரணத்துக்காக யாரையும் அங்கே அனுப்ப வேண்டாம். ராணுவ வாழ்க்கை பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும்.

உதவித்தொகை இல்லாமலே அணியில் சேருவதற்கு வாக்-ஆன் என்று பெயர். ரைபிளில் இது சாதாரணம், அவமானம் ஒன்றும் இல்லை. முதல் வருடம் கணக்கில் சேராத தனி ஆளாகச் சுட்டு, ஸ்கோர் ஏறியதும் ஐவரில் ஒருவராகி, பிறகு பணமும் பெற்றவர்கள் உண்டு. துப்பாக்கி, தோட்டா, ஜாக்கெட் இவற்றில் எதை அணி கொடுக்கும், எதை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வாக்-ஆனாகச் சேர்பவர் இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அடுத்த வருடம் எத்தனை பேர் வெளியேறுகிறார்கள்? வெளியூர்ப் போட்டிக்கு எத்தனை பேரை அழைத்துப் போவீர்கள்? ரேஞ்ச் எந்த நேரங்களில் திறந்திருக்கும்? சீசனில் கட்டாயப் பயிற்சி வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த 20 எப்படிப் பிரிகிறது? சீசன் இலையுதிர் காலத்தில் தொடங்கி மார்ச் வரை ஓடுவதால், நர்சிங், இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில் லேப் மோதும் வாரங்களை எப்படிச் சமாளிக்கிறார்கள்? கடைசிக் கேள்வியைக் கோச்சிடம் கேட்பதைவிட, அந்தப் படிப்பையே படிக்கும் அணி மாணவர் ஒருவரிடம் தனியாகக் கேட்பது நல்லது. உண்மையான பதில் அங்கேதான் கிடைக்கும்.

வாய்மொழியாகச் சொல்வது எதுவும் ஒப்பந்தம் ஆகாது. முன்பு நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். 2024 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கல்லூரி தரும் நிதி உதவி ஒப்பந்தம்தான் ஆதாரம். அது வந்ததும் பெற்றோர் பார்க்க வேண்டியவை: தொகை எவ்வளவு, அது ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா, காயம் பட்டாலோ ஸ்கோர் இறங்கினாலோ என்ன ஆகும், மார்க்குக்கான உதவித்தொகை தொடர எந்த ஜிபிஏ வேண்டும், தங்குமிடமும் சாப்பாடும் அதில் சேருமா. புரியாத வரி இருந்தால் கையெழுத்துக்கு முன்பே கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.